கண்ணீர்த்துளி வண்டி: பெயர் ஒன்று, வடிவம் வேறு

மழைத்துளி ஒன்றை வரையச் சொன்னால் நீங்கள் எப்படி வரைவீர்கள்? மேலே கூரிய முனையும் கீழே உருண்ட வயிறுமாகத்தான் நம்மில் பெரும்பாலோர் வரைவோம். ஆனால் வானிலிருந்து விழும் துளிக்கு அந்த வடிவம் கிடையாது. சிறிய துளி ஏறத்தாழ முழு உருண்டையாக இருக்கும். சற்றுப் பெரிய துளியை எதிர்க்காற்று கீழிருந்து அழுத்துவதால், அது அடி தட்டையாகிப் பன் ரொட்டியைப் போல் ஆகிவிடும். மேலும் பெருத்தால் உடைந்து சிதறும். நாம் வரையும் கூர்முனைத் துளி, குழாய் வாயில் தொங்கி அறுபடப் போகும் கணத்தில் மட்டுமே காணக் கிடைப்பது.

பெயரை நம்பி வடிவத்தை முடிவு செய்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நல்லதோர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அங்கே விடுமுறை நாள்களில் காரின் பின்னால் சிறிய வண்டி ஒன்றைப் பூட்டிக்கொண்டு காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் செல்வார்கள். இருவர் படுத்து உறங்க முன்பக்கம் ஒரு மெத்தை. பின்பக்க மூடியைத் தூக்கினால் சிறு சமையலறை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, துளியைப் படுக்க வைத்தாற்போல் தோன்றும். அதனால் அதற்குக் கண்ணீர்த்துளி வண்டி என்று பெயர். இதைக் கடையில் வாங்குவோரைப் போலவே, வீட்டுக் கொட்டகையில் தாமே செய்துகொள்வோரும் பலர். அவர்களில் ஒரு சாரார் இப்போது மரப்பலகையை விட்டுக் கண்ணாடி இழைக்கு, அதாவது ஃபைபர் கிளாஸுக்கு, மாறி வருகிறார்கள்.

பொருள் மாறியது, வடிவம் மாறியதா? இக்கட்டுரை கேட்கும் கேள்வி அதுதான்.

பலகை தந்த வடிவம்

கண்ணீர்த்துளி வண்டி 1930களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. 1940களில் கைத்தொழில் இதழ்கள் அதன் செய்முறை வரைபடங்களை வெளியிட்டன. சாதாரணத் தச்சுவேலை தெரிந்தவர் வார இறுதிகளில் செய்து முடிக்கத்தக்க வண்டி அது.

அதன் அளவுகளைக் கவனியுங்கள். நீளம் ஏறத்தாழ 8 அடி. உயரம் 4 அடி. அகலம் 4 அடி அல்லது 5 அடி. கடையில் கிடைக்கும் பிளைவுட் பலகையின் அளவு என்ன? 8 அடிக்கு 4 அடி. அதாவது ஒரு பலகை ஒரு பக்கச் சுவர். மற்றொரு பலகை மறு பக்கச் சுவர். இரு சுவர்களின் விளிம்பையும் ஒரே வளைகோட்டில் அறுத்து, அவற்றுக்கு மேலே மெல்லிய பலகையையோ அலுமினியத் தகட்டையோ வளைத்து ஆணியடித்தால் கூரை முடிந்தது.

ஒரு தாளை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒரு திசையில் எளிதில் வளையும். அதே நேரத்தில் மற்றொரு திசையிலும் வளைக்க முயன்றால் கசங்கிவிடும். பிளைவுட்டும் தகடும் அப்படியே. ஆகவே பலகை வண்டிக்கு ஒரு திசை வளைவு மட்டுமே வாய்த்தது. பக்கச் சுவர்கள் தட்டை. கூரையும் சுவரும் கூடும் விளிம்பு கூர்மை. இதைக் குறையென்று சொல்வது நியாயமன்று. கையில் இருந்த பொருளுக்கு ஏற்ற நேர்மையான வடிவம் அது. உள்ளே இருப்பவர்கள் படுத்துத்தான் இருப்பார்கள் என்பதால் 4 அடி உயரம் போதும். பின்மூடி மேலே தூக்கி நிற்கும்போது, சமைப்பவர் தலைக்கு மேல் ஒரு சிறு தாழ்வாரமும் கிடைத்துவிடுகிறது. சிக்கனமான சிந்தனைக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்த வடிவத்தைப் புகழ்வோர் வேறொரு காரணம் சொல்கிறார்கள். துளி வடிவமாதலால் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லும் என்கிறார்கள். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும்.

காற்று என்ன சொல்கிறது?

ஓடும் வண்டியைக் காற்று தடுக்கும் விசை, வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுகிறது. 1.5 மீட்டர் அகலமும் 1.2 மீட்டர் உயரமும் கொண்ட வண்டியின் முன்பரப்பு 1.8 சதுர மீட்டர். அதன் தடைக் குணகம் 0.5 என்று கொள்வோம். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை ஏறத்தாழ 84 நியூட்டன். வேகத்தை 90 ஆக்கினால் 338 நியூட்டன்; அதாவது நான்கு மடங்கு. அதை வெல்லத் தேவையான திறனோ 1 கிலோவாட்டிலிருந்து 8.4 கிலோவாட்டாக, எட்டு மடங்கு உயர்கிறது. ஆகவே நெடுஞ்சாலையில் வடிவம் முக்கியமானதே.

தடைக் குணகம் என்பது வடிவத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் போன்றது; குறைவாக இருந்தால் நல்லது. முகத்தைக் காற்றுக்கு நேரே காட்டும் கனசதுரத்துக்கு ஏறத்தாழ 1.05. கோளத்துக்கு ஏறத்தாழ 0.47. நீண்டு மெலியும் வாலுடைய உண்மையான துளி வடிவத்துக்கு ஏறத்தாழ 0.04. பெருமை வாலுக்கே உரியது என்பது இதிலிருந்து விளங்கும். முன்புறம் உருண்டையாக இருந்தால் மட்டும் போதாது. பிரிந்து சென்ற காற்று பின்னால் சுழலின்றிக் கூட வேண்டும்.

இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். எரியும் மெழுகுவர்த்திக்கு முன்னால் ஓர் அஞ்சலட்டையை நிறுத்தி, அட்டையை நோக்கி ஊதுங்கள். சுடர் உங்களை நோக்கியே சாயும். அட்டைக்குப் பின்னால் காற்று சுழன்று திரும்புவதே காரணம். இப்போது அட்டையைத் துளி வடிவில் வளைத்து, இரு ஓரங்களையும் ஒட்டி, உருண்ட பக்கம் உங்களைப் பார்க்க நிறுத்தி ஊதுங்கள். சுடர் உங்களைவிட்டு விலகிச் சாயும். காற்று இரு பக்கமும் வழுக்கிச் சென்று பின்னால் கூடிவிட்டது. சோதனையைப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது செய்யுங்கள்.

அப்படியானால் வாலின் சரிவு எவ்வளவு இருக்கலாம்? ஏறத்தாழ 12 பாகை வரை காற்று பரப்பைப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு மேல் செங்குத்தானால் ஒட்டிவர முடியாமல் பிரிந்து சுழலாகத் தொடங்கும். 1.2 மீட்டர் உயரமுள்ள கூரை 12 பாகைச் சரிவில் தரைத்தளம் வரை இறங்க எவ்வளவு நீளம் வேண்டும்? 1.2ஐ 12 பாகையின் டேன்ஜென்ட்டான 0.2126ஆல் வகுத்தால் 5.6 மீட்டர் என்று விடை வரும். வண்டியின் மொத்த நீளமே 2.4 மீட்டர்தான்! ஆகவே கண்ணீர்த்துளி வண்டியின் பின்புறம் காற்றின் கணக்கில் வால் அன்று. வளைந்த முதுகு மட்டுமே.

இன்னொரு குறையும் உண்டு. ஜெர்மனியில் எட்மண்ட் ரும்ப்ளர் என்ற பொறியாளர் 1921இல் 'துளிக் கார்' என்ற பொருள்பட ஒரு காரை அறிமுகப்படுத்தினார். 1979இல் அதைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது தடைக் குணகம் 0.28 என்று தெரியவந்தது. பிற்காலத்துக் கார்கள் பலவற்றுக்கும் எட்டாத எண் அது. அக்காரின் துளி வடிவத்தை மேலிருந்து பார்த்தால்தான் காணலாம். நம் வண்டியையோ மேலிருந்து பார்த்தால் செவ்வகம். துளி வடிவம் பக்கவாட்டுப் படத்தில் மட்டுமே. பக்கவாட்டில் ஓடும் காற்றுக்கு அங்கே எந்தச் சலுகையும் இல்லை.

1984இல் அகமது என்பவரும் அவருடைய துணைவர்களும் காரை ஒத்த எளிய மாதிரி ஒன்றைக் கொண்டு செய்த ஆய்வு மேலும் வியப்பானது. மாதிரியின் பின்சரிவு 12 பாகை அளவில் இருந்தபோது தடை குறைவாக இருந்தது. சரிவு கூடக் கூடத் தடையும் கூடி, 30 பாகையை நெருங்கும்போது உச்சத்தைத் தொட்டது. அதையும் தாண்டினால் தடை சட்டென இறங்கியது. அரைகுறைச் சரிவு சில நேரங்களில் சரிவே இல்லாததைவிடக் கேடு என்பது இதன் பாடம். 1930களிலேயே ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் காம், நீண்ட வால் வைக்க இடமில்லையானால் மெல்லச் சரித்துக்கொண்டு வந்து செங்குத்தாக வெட்டிவிடும் முறையை ஆராய்ந்து காட்டினார்.

இவற்றோடு, வண்டி தனியாக ஓடுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அதன் முன்னால் கார் ஓடுகிறது. கார் கலக்கிவிட்ட காற்றில்தான் வண்டி நுழைகிறது. ஆகவே வண்டியின் மூக்கை அழகாக உருட்டுவதைவிட, அகலமும் உயரமும் காருக்கு வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்வதும், நீட்டும் விளிம்புகளை நன்கு மழுக்குவதும் அதிகப் பயன் தரும். மழுக்கிய விளிம்புகளைத் தருவதில் கண்ணாடி இழைக்கு இணையில்லை. வருந்தத்தக்கது என்னவென்றால், பலர் அந்த வசதியைப் பயன்படுத்துவதே இல்லை.

இழையின் இயல்பு

கண்ணாடி இழை நமக்குப் புதிதன்று. தமிழகக் கடற்கரையில் மீனவர்கள் ஃபைபர் போட் என்று சொல்லும் படகு இதனால் ஆனதுதான். மெல்லிய கண்ணாடி இழைகளைப் பாயாக விரித்து, பாலியெஸ்டர் பிசினில் ஊறவைத்து, அச்சின் மேல் அடுக்கடுக்காகப் படியவைத்தால், பிசின் இறுகி ஓடாகிவிடுகிறது.

இந்த ஓடு உறுதியானது. ஆனால் விறைப்பானது அன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உடையாமல் தாங்குவது உறுதி. வளையாமல் நிற்பது விறைப்பு. பாயால் ஆன கண்ணாடி இழை ஓட்டின் யங் குணகம் ஏறத்தாழ 7 கிகாபாஸ்கல். அலுமினியத்துக்கு 70, எஃகுக்கு 200. ஆகவே 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தட்டையான இழைச் சுவர், கையால் அழுத்தினால் உள்ளே போய் 'டப்' என்ற ஒலியோடு வெளியே வரும். ஓடும் வண்டியில் நாள் முழுதும் அதிர்ந்துகொண்டேயிருந்தால், காலப்போக்கில் மேற்பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும்.

இதற்கு மருந்து வளைவு. தாளைக் கிடையாக நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடும். சற்று வளைத்துப் பிடித்தால் நிமிர்ந்து நிற்கும். இரு திசையிலும் வளைந்த முட்டை ஓடு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு தாங்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். பிளைவுட்டால் ஆகாத இந்த இரட்டை வளைவு, இழைக்குக் கைவந்த கலை.

கூர்மையான மூலையோ இழைக்குப் பகை. பாயை மூலைக்குள் மடித்து வைத்தால் அது படியாமல் எழும்பி நிற்கும். அடியில் காற்றுக் குமிழி தங்கிவிடும். அங்கேதான் முதலில் உடையும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, பலகை வண்டியின் தட்டைச் சுவரையும் கூர் விளிம்பையும் அப்படியே இழையில் வார்த்திருக்கும் வண்டிகளைப் பாருங்கள். பலகைக்கு நிறையாக இருந்ததெல்லாம் இழைக்குக் குறையாகிவிட்டது. பழைய வடிவத்தின் மேல் உள்ள பற்று, புதிய பொருளின் குணத்தைக் கவனிக்கவிடவில்லை.

தொட்டியில் பிறந்த வண்டி

மாறாக, பொருளிலிருந்தே பிறந்த வடிவம் ஒன்றும் இருக்கிறது. 1968இல் கனடாவின் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கிய 'போலர்' வண்டி அது. அவர் அதற்கு முன்பு கண்ணாடி இழையால் கழிவுநீர்த் தொட்டி செய்தவர். தொட்டி செய்யும் முறையிலேயே வண்டியும் செய்தால் என்ன என்று எண்ணினார். மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று என இரு கிண்ணங்களாக வார்த்து, நடுவே ஒட்டினார். முட்டை போன்ற அந்தச் சிறு வண்டி ஏறத்தாழ 400 கிலோ எடைதான். தட்டையான பெரிய சுவர் அதில் இல்லை. கூரிய மூலை இல்லை. கசியத்தக்க இணைப்பு நடுவில் ஒன்றே.

நடுவில் பிரித்ததன் நுட்பத்தை அறிய இட்லித் தட்டை நினைத்துப் பாருங்கள். குழியின் சுவர் மேல்நோக்கி விரிந்திருப்பதால் இட்லி எளிதில் வெளிவருகிறது. அதே மாவைச் சொம்பில் ஊற்றி வேகவைத்தால், வயிறு பெருத்துக் கழுத்துச் சிறுத்த அந்த வடிவம் இட்லியை வெளியே விடுமா? இழை ஓடும் அச்சிலிருந்து கழன்று வரவேண்டும். அதனால் சுவர்களுக்கு ஓரிரு பாகையாவது விரிவு வேண்டும். முட்டையை அதன் நடு வயிற்றில் பிரித்தால் இரு பாதிகளும் தாமே விரிந்த கிண்ணங்களாகிவிடுகின்றன.

கண்ணீர்த்துளி என்ற பெயர் போலருக்கு இல்லை. ஆயினும் இழைக்கு ஏற்ற வடிவம் எது என்று கேட்டால், துளி என்று பெயர் பெற்ற பல வண்டிகளைவிட அதுவே சிறந்தது என்பேன்.

ஒரே வண்டிக்கு எந்த வழி?

அப்படியானால் வீட்டில் செய்பவர் முட்டை வண்டியைப் பின்பற்றலாமா? இங்கே அவசரப்படக் கூடாது. அச்சில் வார்க்க வேண்டுமானால் முதலில் மரத்திலோ நுரையிலோ முழு அளவு உருவம் செய்து மெருகேற்ற வேண்டும். அதன் மேல் அச்சு எடுக்க வேண்டும். பிறகே வண்டி. ஒரு வண்டிக்கு மூன்று வண்டியின் உழைப்பு! நூறு வண்டி செய்யும் தொழிற்சாலைக்கு இது சிக்கனம். ஒரே வண்டி செய்பவருக்கு வீண் செலவு. நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் அச்சைப் பகிர்ந்துகொண்டால் மட்டுமே பொருந்தும்.

தனியாளுக்கான வழியை விமானம் செய்தவர்கள் காட்டினார்கள். அமெரிக்காவில் பர்ட் ரூட்டான் வடிவமைத்து 1975இல் பறந்த 'வேரி ஈஸி' என்ற சிறு விமானத்துக்கு அச்சே தேவைப்படவில்லை. நுரைப் பொருளைச் சூடான கம்பியால் வேண்டிய வடிவில் அறுத்து, அதன் மேலேயே இழைத்துணியைப் பிசினால் ஒட்டினார்கள். நுரை உள்ளேயே தங்கிவிடும்.

வண்டிக்கும் இது பொருந்தும். 3 மில்லிமீட்டர் ஓட்டை 1.5 மில்லிமீட்டராக இரண்டாகப் பிரித்து, நடுவே 25 மில்லிமீட்டர் நுரைப் பலகையை வைத்தால், கணக்கின்படி விறைப்பு 200 மடங்குக்கு மேல் கூடும். நுரை சற்று நெகிழ்வதால் நடைமுறையில் இது குறையுமென்றாலும், சுவர் அதிராமலிருக்கத் தாராளமாகப் போதும். இப்போது தட்டைச் சுவர் குறையன்று. வளைவு செய்ய வேண்டிய வேலையை நுரையின் தடிப்பே செய்துவிடுகிறது. மூலைகளில் மட்டும் தடித்த நுரைக் கட்டைகளை வைத்து, உப்புத்தாளால் தேய்த்து நன்கு உருட்டிவிடலாம். காற்று கேட்பதும் அதுதான். இழை கேட்பதும் அதுதான்.

ஓர் எச்சரிக்கை: தெர்மோகோல் வகை நுரையின் மேல் பாலியெஸ்டர் பிசினை ஊற்றினால், பிசினிலுள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். அதற்கு எப்பாக்சி பிசினே ஏற்றது. பாலியெஸ்டரோடு வேலை செய்வோர் மற்றொன்றையும் மறக்கக் கூடாது. பட்டறைகளில் கேட்டலிஸ்ட் என்று சொல்லும் திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். அதை ஆக்சிலரேட்டருடன் நேரடியாகக் கலந்தால் வெடிக்கவும் கூடும். கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் இன்றி இவ்வேலையில் இறங்குவது அறியாமை.

பின்மூடியின் வளைவைத் தீர்மானிக்கும்போது எடையையும் எண்ண வேண்டும். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு காரின் கொக்கியில் இறங்க வேண்டும். பின்புறம் கனத்தால் வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளிந்து காரையும் கவிழ்த்துவிடலாம். பின்னால் சரியும் முதுகு இவ்வகையில் நன்மையே. அங்கே கனத்தை ஏற்ற இடமிராது. காற்றுக்காகப் போற்றப்படும் சரிவை நான் போற்றுவது இதற்காகத்தான். சமையலறை பின்னால் இருந்தாலும், தண்ணீர்த் தொட்டியைச் சக்கரத்துக்கு முன்னால் வைப்பதே அறிவுடைமை.

மூச்சுக்கும் ஒரு வழி

வடிவத்தைப் பற்றி ஓயாமல் பேசுவோர் பலரும் மறந்துவிடும் ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். முக்கியத்துவத்தில் அதுவே முதலாவது. பலகை வண்டியில் எத்தனையோ இடுக்குகள் உண்டு. வேண்டாமென்றாலும் காற்று புகும். இழை வண்டியில் நன்றாகச் செய்தவருக்கே ஆபத்து அதிகம். ஏனெனில் அது காற்றுப் புகாத பெட்டி.

படுக்கையறையின் கொள்ளளவு 3 கன மீட்டர், அதாவது 3000 லிட்டர் என்று கொள்வோம். உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். இருவருக்கு 24 லிட்டர். எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் படுத்தால், ஒரு மணி நேரத்தில் உள்ளிருக்கும் காற்றில் 0.8 விழுக்காடு, மூன்று மணி நேரத்தில் 2.4 விழுக்காடு. வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடுதான். 2 விழுக்காட்டைத் தாண்டினாலே தலைவலியும் மூச்சிரைப்பும் தொடங்கும். விடியும்வரை என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மூச்சோடும் வியர்வையோடும் வெளியேறும் நீராவி, குளிர்ந்த சுவரில் படிந்து மெத்தையை நனைப்பது தனிக் கதை.

ஆகவே அடியில் ஒரு துளையும் கூரையில் ஒரு துளையும், யாரும் மூட முடியாதபடி, முதல் வரைபடத்திலேயே இடம் பெற வேண்டும். சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும். அடுப்பை உள்ளே ஏற்றுவது எந்நாளும் கூடாது. வாசனையற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குபவரை எழுப்பாது.

தீர்ப்பு

இனி நம் தீர்ப்பைக் கூறிவிடலாம். கண்ணீர்த்துளி வண்டி மோசமான வண்டியன்று. எளிமையும் சிக்கனமும் அதன் சிறப்பு. ஆனால் அதன் கோடு காற்று வரைந்ததன்று. பிளைவுட் பலகையும் படுக்கையும் சமையலறையும் சேர்ந்து வரைந்தது. அந்தக் கோட்டை இழையில் நகலெடுப்பவர் பலகையின் குறைகளை விலைகொடுத்து வாங்குகிறார். இழையின் நிறைகளையோ வாசலிலேயே விட்டுவிடுகிறார்.

வடிவத்தை முதலில் வரைந்து, எப்படிச் செய்வது என்று பிறகு யோசிப்பது தலைகீழான முறை. எந்தப் பொருள், எந்த முறை, எத்தனை வண்டி என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே பென்சிலை எடுக்க வேண்டும். பலர் வார்ப்பதானால் முட்டை. ஒருவர் செய்வதானால் நுரைப் பலகையும் உருண்ட மூலையும். இரண்டிலும் மூச்சுக்கு வழி.

இது வண்டிக்கு மட்டும் உரிய பாடமன்று. அடுத்த முறை 'காற்றைக் கிழிக்கும் வடிவம்' என்ற விளம்பரம் ஒன்றைப் பார்க்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அப்படித் தெரிகிறது, வால் எத்தனை பாகை சரிகிறது என்று கேளுங்கள். டேன்ஜென்ட் அட்டவணை உங்கள் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.